பச்சைக் குழந்தையின் மூச்சு



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பீடத்தருகில் நிற்கிற எனக்கு மழைக்காலம் வந்துவிட்டதைப் பஞ்சாங்கம் சொல்ல வேண்டியதில்லை. பூசை நேரத்தில் கோவிலுக்குள் எழும்புகிற இருமலே சொல்லிவிடும். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் தொடங்கினால் பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. "சாதாரணச் சளிதானே, சுவாமி" என்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் அது சாதாரணச் சளிதான். நான்கு நாள் மூக்கு ஒழுகும், சுக்குக் கஷாயம் குடிப்போம், போய்விடும். அதே சளி மூன்று மாதக் குழந்தையின் நெஞ்சுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப்பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். திருவருகைக் காலமும் கிறிஸ்து பிறப்புத் திருநாளும் நெருங்கி வருகின்றன. வெளியூரிலிருந்து உறவினர் வருவார்கள், வீடு வீடாகப் பிள்ளை பார்க்கப் போவார்கள், ஞானஸ்நானங்கள் நடக்கும். அதற்கு முன்னமே சொல்லிவிடுவது நல்லது.

ஞான காரியம் பேச வேண்டிய இடத்தில் வைத்தியம் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஞானோபதேசத்தில் ஐந்தாம் கற்பனையைப் படித்தபோது, கையால் அடித்துக் கொல்வது மாத்திரமல்ல, அசட்டையினால் பிறனுடைய உயிருக்கு மோசம் வருவிப்பதும் அந்தக் கற்பனைக்கு விரோதம் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஆகையால் இது ஐந்தாம் கற்பனையைப் பற்றிய பிரசங்கமென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சளியை உண்டாக்குகிற வைரஸ் கிருமிகள் பலவுண்டு. அவைகளுள் குழந்தைகளுக்கு மிகவும் பொல்லாதது ஒன்று. வைத்தியர்கள் அதை ஆர்.எஸ்.வி. என்று மூன்று எழுத்தில் சொல்லுவார்கள். அதன் முழுப்பெயர் நீளமானது. அந்தப் பெயரின் கருத்து என்னவென்றால், மூச்சுப்பாதையைப் பற்றிக்கொண்டு, அங்கேயுள்ள நுண்ணிய உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிற வைரஸ் என்பதே. 1956-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சளி பிடித்தபோதுதான் முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தார்கள். குரங்கின் வியாதி என்றே அப்போது எண்ணினார்கள். சீக்கிரத்திலேயே ராபர்ட் சானக் என்னும் வைத்தியர், பால்டிமோர் நகரில் நெஞ்சுச்சளியால் வருந்திய குழந்தைகளிடத்தில் அதே கிருமி இருக்கக் கண்டார். அது மனிதருடைய வியாதிதான் என்பது பிற்பாடு எல்லாருக்கும் விளங்கிற்று.

இந்தக் கிருமி ஏதோ தூர தேசத்து அபூர்வ சரக்கு அல்ல. இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தடவையாவது இது வந்துபோகிறது. பெரியவர்களுக்கும் ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. ஜலதோஷம் என்று பெயர் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அப்படியானால் பயப்படுவானேன் என்பீர்கள். எப்போது வருகிறது என்பதில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று வயதுப் பையனுக்கு வந்தால் இரண்டு நாள் சிணுங்குவான். பிறந்து ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு வந்தால், நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள மூச்சுக்குழாய்கள் இருக்கின்றனவே, நூலிழைபோன்றவை, அவைகளின் உட்புறம் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளுகிறது. ஓடையில் ஒரு கூடை மண் விழுந்தால் தண்ணீர் ஒதுங்கி ஓடும்; அதே கூடை மண் வாய்க்கால் மடையில் விழுந்தால் அடைத்தே போகும். சிசுவின் மூச்சு முழுவதும் பெரும்பாலும் மூக்கின் வழியாகத்தான். மூக்கு அடைத்தால் பால் குடிக்கவும் முடியாது. ஆகவே இந்தக் கிருமி ஒரு குழந்தையையும் தொடாதபடி செய்ய நம்மால் ஆகாது. அது முதல் ஆறு மாதத்தில் தொடாமல் தள்ளிப்போட நம்மால் ஆகும். குழந்தை வளர வளர அந்த நூலிழைக் குழாய்களும் வளருகின்றன. நாள் கடத்துவதே இங்கே பெரிய காரியம்.

கணக்கு ஒன்று சொல்லுகிறேன். 2019-ம் ஆண்டில் மாத்திரம், உலகமெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடத்தில் இந்தக் கிருமியால் உண்டான நெஞ்சுநோய் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் தடவை ஏற்பட்டதென்றும், 36 லட்சம் தடவை குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்றென்றும், ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான குழந்தைகள் இறந்தனவென்றும் ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். இறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி ஆறு மாதம் நிரம்பாதவை. அந்த மரணங்களில் நூற்றுக்கு 97-க்குக் குறையாமல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் நடந்தவை. பெரிய ஏரோது வாள் எடுத்துவந்த ஒரு பட்டணத்தின் மாசில்லாக் குழந்தைகளுக்குத் திருச்சபை வருஷந்தோறும் டிசம்பர் 28-ல் திருநாள் கொண்டாடுகிறது. இங்கே வாளுமில்லை, ஏரோதுமில்லை. அன்போடு வந்து முத்தமிட்டவர்கள்தான் இருக்கிறார்கள். அதுதான் மனதை வருத்துகிற விஷயம்.

இந்தக் கிருமி எப்படித் தொத்துகிறது? இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளிகளால் தொத்துகிறது. மூக்கைத் துடைத்த கையால் தொடுவதால் தொத்துகிறது. மேசை, தொட்டிற் கட்டை, கதவுப்பிடி போன்ற கடினமான பொருள்களில் படிந்தால் பல மணி நேரம் உயிரோடிருக்கிறது. துணியிலும் கையிலும் அவ்வளவு நேரம் தங்குவதில்லை, ஆனால் கை அதற்குள் குழந்தையின் முகத்தைத் தொட்டுவிடுகிறதே! சளி பிடித்த ஒருவர் சாதாரணமாய் மூன்று முதல் எட்டு நாள் வரையில் பிறருக்குக் கொடுக்கக்கூடும். தும்மல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்னிருந்தேகூடக் கொடுக்கலாம். வீட்டுக்கு அதைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? பள்ளிக்கூடம் போகிற அண்ணனும் அக்காளுமே. அவர்களை அடிக்க வேண்டாம். வந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தம்பியைத் தொடச் சொன்னால் போதும்.

நிற்க. சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞானஸ்நான விருந்தில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். எந்தக் குடும்பம் என்று தேட வேண்டாம். அநேக வீடுகளில் நடக்கிறதுதான். குழந்தைக்கு வயது நாற்பது நாளுக்குச் சற்று அதிகம். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அது பதினொரு கை மாறிற்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். கூட்டத்தில் ஒரு பெரியப்பா. இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடியே குழந்தையை வாங்கி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டு, கையில் ஒரு மோதிரமும் போட்டார். நல்ல மனுஷர். ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்கத் தொடங்கி, நடுவிலே விட்டுவிட்டு மூச்சுக்குத் திணறிற்று. இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எட்டு நாள் பிராணவாயு வைத்திருந்தார்கள். சர்வேசுரனுடைய கிருபையால் பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தது. இப்பொழுது பீடத்தண்டை வரைக்கும் தவழ்ந்து வந்து என் பிரசங்கத்தைக் கெடுக்கிறது.

அந்தப் பெரியப்பாதான் கொடுத்தார் என்று யார் நிரூபிக்க முடியும்? பதினொரு பேரில் யாரோ ஒருவர். அதைக் கிளற வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தத் தாய் என்னிடத்தில் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "வேண்டாம், தொடாதீங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு, சுவாமி. பெரியவங்க ஆச்சே, எப்படிச் சொல்றது?" என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண். மாமியார் வீடு. சபை நடுவே தன் குழந்தைக்காக வாய் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இந்த மடலை நான் எழுதுகிறது அந்தப் பெண்ணுக்காகவும் அவளைப்போன்ற மற்றத் தாய்மாருக்காகவுமே. அம்மா, மூத்தோரைச் சங்கிக்க வேண்டுமென்று நான்காம் கற்பனை சொல்லுகிறது, மெய்தான். அதே நான்காம் கற்பனை, பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் ஆத்துமத்தையும் சரீரத்தையும் காக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றும் படிப்பிக்கிறது. அந்தச் சிசுவைச் சர்வேசுரன் ஒப்படைத்தது உன் கையில்தான். விருந்துக்கு வந்தவர்கள் கையிலல்ல. ஆகையால் சளி பிடித்தவர் யார் கைநீட்டினாலும், மாமனாரேயானாலும், "குழந்தைக்கு ஆகாது, பெரியப்பா, தூரத்திலிருந்து பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லு. சொல்ல நாக்கு எழும்பாவிட்டால் "பங்குச் சுவாமியார் சொல்லியிருக்கிறார்" என்று என் தலையில் போட்டுவிடு. யாருக்காவது வருத்தமிருந்தால் அறைவீட்டுக்கு வந்து என்னிடத்தில் சண்டை பிடிக்கட்டும்.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி இப்படிச் சொல்லும்போது உங்கள் தாயாருக்கு முகம் வாடும். அந்த நேரத்தில் பேசாமல் திண்ணைக்குப் போய்விடாதேயுங்கள். அர்ச். சூசையப்பர் இரவிலே எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டபோது உற்றார் உறவினரின் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பாட்டிமாரே, உங்கள் பேரில் எனக்குக் கோபமில்லை. நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பங்கில் பாதிக் குழந்தைகள் செபம் படித்திராது. பிறந்த சிசுவைப் பார்க்கக் கீழ்த்திசை இராசாக்கள் எத்தனையோ தூரம் வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? சாஷ்டாங்கமாய் விழுந்து ஆராதித்தார்கள், காணிக்கை வைத்தார்கள், போனார்கள். தூக்கி முத்தமிட்டதாக அர்ச். மத்தேயு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கிழவராகிய சிமெயோன் பாலனைக் கையில் ஏந்தினாரே என்று கேட்பீர்கள். ஏந்தினார். அவருக்கு இருமல் இருந்ததென்று அர்ச். லூக்காஸ் எழுதவில்லை, லூக்காஸோ வைத்தியர், கவனித்திருப்பார்!

தொட்டால்தான் அன்பு என்று நாம் நினைக்கிறோம். கப்பர்நாவும் ஊரின் நூற்றுக்கதிபதியை நினைத்துப் பாருங்கள். அவனுடைய ஊழியன் சாகக் கிடந்தான். நமதாண்டவர் வருவதாகச் சொல்லியும், தன் வீட்டுக்குள் அவர் எழுந்தருளி வருவதற்குத் தான் பாத்திரமல்ல என்றும், ஒரு வார்த்தை சொன்னால் போதுமென்றும் அவன் மன்றாடினான். ஆண்டவர் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை, ஊழியனைத் தொடவுமில்லை. அந்நேரமே வியாதி நீங்கிற்று. ஒவ்வொரு பூசையிலும் நன்மை வாங்குமுன் அந்த மனிதனுடைய வேண்டுதலைத்தானே நாமும் சொல்லுகிறோம்! தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கின அதே ஆண்டவர், இந்த ஊழியனைத் தூரத்திலிருந்தே குணமாக்கினார். கிட்டப்போவது அன்பாகிற வேளையுமுண்டு, தூர நிற்பது அன்பாகிற வேளையுமுண்டு; எது எப்போது என்று பகுத்தறியத்தான் நமக்குப் புத்தி கொடுத்திருக்கிறார்.

திருச்சபையின் சரித்திரத்திலும் இது உண்டு. 1576-ம் ஆண்டில் மிலான் பட்டணத்தில் கொள்ளைநோய் பரவிற்று. அர்ச். கார்லோ பொரோமேயு என்னும் அதிமேற்றிராணியார், ஓடிப்போன பெரிய மனிதரைப்போல் ஓடாமல் பட்டணத்திலேயே தங்கி நோயாளிகளைப் பராமரித்தார். ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற காலத்தில் அவர் என்ன செய்தார்? வீதிகளிலும் நாற்சந்திகளிலும் பீடங்களை நாட்டிப் பூசை செய்வித்தார். ஜனங்கள் தங்கள் சன்னல்களிலிருந்தே பூசை கண்டார்கள். அவரைக்காட்டிலும் பக்தியுள்ளவர்கள் என்று நம்மில் யார் சொல்லிக்கொள்ளுவோம்? நம்முடைய காலத்திலும் 2020-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, கொரோனாப் பெருந்தொற்றின்போது, பாப்பரசர் பிரான்சிஸ் மழையில் நனைந்த அர்ச். இராயப்பர் சதுக்கத்தில், ஒருவருமில்லாத வெளியில் நின்று உலகத்துக்காக மன்றாடினதைப் பார்த்தோம். அந்த வருஷத்தில் ஜனங்கள் முகத்தை மூடி, கை கழுவி, கூட்டம் தவிர்த்திருந்தபோது, ஆர்.எஸ்.வி.யும் பல தேசங்களில் ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது. கட்டுப்பாடுகள் தளர்ந்தவுடன் பருவந்தப்பித் திரும்பிவந்தது. நம்முடைய கைக்குட்டையும் சோப்பும் எவ்வளவு வல்லமையுள்ளவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி குருக்களுக்கு மாத்திரம் தெரிந்தது, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கும்போது குருவானவர் தம்முடைய உமிழ்நீரால் குழந்தையின் காதையும் மூக்கையும் தொடுகிற ஒரு சடங்கு இருந்தது; செவிடனும் திக்குவாயனுமாயிருந்தவனை நமதாண்டவர் குணமாக்கினதைப் பின்பற்றின சடங்கு. 1952-ம் ஆண்டில் வெளியான உரோமைச் சடங்குப் புத்தகத்திலேயே, சுத்தத்தை முன்னிட்டாவது வியாதி தொத்தும் என்ற பயத்தினாலாவது அந்த உமிழ்நீரை விட்டுவிடலாம் என்று எழுதிவைத்தார்கள். 1969-ல் வந்த புதிய முறையில் உமிழ்நீர் இல்லவே இல்லை. அவ்வளவு பழமையான சடங்கையே குழந்தையின் சுகத்துக்காகத் திருச்சபை மாற்றிக்கொண்டதென்றால், நம்முடைய வீட்டு வழக்கங்களை மாற்ற நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் விரலால் சீனித்தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கிறது ஒன்று. குளிப்பாட்டும்போது மூக்கில் வாய்வைத்து ஊதுகிறது ஒன்று. மூக்கில் எண்ணெய் விடுகிறது இன்னொன்று. குளித்த பிள்ளையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கே இருமல் வருகிறது. சாம்பிராணி பீடத்துக்கு ஏற்றது. சிசுவின் நெஞ்சுக்கு ஏற்றதல்ல. அடுப்புப் புகையும் அப்படியே. வீட்டில் பீடி சிகரெட்டுப் பிடிக்கிற தகப்பன்மார் இதை இரண்டாந்தரம் வாசிக்கட்டும்.

இனி, மனச்சாட்சியைப் பற்றிய ஒரு கேள்வி. "சளி இருமலென்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராமலிருந்தால் சாவான பாவமல்லவா, சுவாமி?" என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை. வியாதியாயிருப்பவர்களும், கைக்குழந்தையைப் பராமரிக்க வேண்டியவர்களும் அந்தக் கடமையிலிருந்து விலக்குப்பெற்றவர்கள் என்பது புதிதாகச் சொன்னதல்ல. 1992-ம் ஆண்டில் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூலும் அப்படியே தெளிவாய்ச் சொல்லுகிறது. இருமிக்கொண்டே வந்து முதல் வரிசையில் மூன்று கைக்குழந்தைகளுக்கு நடுவே உட்காருவது பக்தியென்று எண்ண வேண்டாம். வீட்டிலிருந்து செபமாலை சொல்லி, ஞானவிதமாய் நன்மை வாங்குகிற செபத்தைச் சொல்லி, அன்றைய சுவிசேஷத்தை வாசியுங்கள். சோம்பேறித்தனத்துக்கு நான் சீட்டுக் கொடுக்கவில்லை. ஞாயிறு காலையில் பூசைக்கு வரமுடியாத சளி, மாலையில் சினிமாவுக்குப் போகிறதென்றால் அது வேறே வியாதி.

வந்தே தீரவேண்டியவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு, சன்னலோரமாய், குழந்தைகளுக்குத் தூரத்தில் இருங்கள். சமாதானம் தெரிவிக்கும்போது நம்முடைய தேசத்து வழக்கப்படி கைகூப்பினால் நிறைவாயிருக்கிறது. கிறிஸ்து பிறப்பு இரவில் பாலன் சுரூபத்தை வரிசையாய் முத்திசெய்கிற வழக்கத்தையும் இந்த வருஷம் மாற்றியிருக்கிறேன்: சுரூபத்துக்கு முன் தலைவணங்கி, குடிலில் ஒரு மெழுகுதிரியோ பூவோ வையுங்கள்.

இவ்வளவு செய்தும் குழந்தைக்குச் சளி வரக்கூடும். வந்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, தாய்க்கே சளியென்றாலும் முகமூடி கட்டிக்கொண்டு, கைகழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டு வாங்கிச் சிசுவுக்குப் புகட்டாதேயுங்கள். போன வருஷத்துச் சீட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்காதேயுங்கள். அது வேறு கிருமிகளுக்கான மருந்து, வைரசை ஒன்றும் செய்யாது. இந்த நோய் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உக்கிரமாகும். ஆகையால் முதல் நாள் சுமாராயிருந்ததென்று அசந்துவிடக்கூடாது.

எதைக் கவனிக்க வேண்டும்? சட்டையை உயர்த்தி நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? மூக்கு விடைக்கிறதா? முனகுகிறதா? பாலை வாயில் வாங்கி வாங்கி விட்டுவிடுகிறதா? வெகுநேரமாய்த் துணி நனையவில்லையா? குழந்தை அமைதியாயிருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்குமேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்குமேல் இருந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். உதடு நீலம் பாரித்தாலும், சிறிது நேரம் மூச்சு நின்று நின்று வந்தாலும், எழுப்பியும் கண் திறவாமல் துவண்டு கிடந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதேயுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும், இருதயத்தில் கோளாறுள்ள குழந்தைகளும் இருக்கிற வீட்டில் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். இந்த நோயைக் கொல்லுகிற தனி மருந்து கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் பிராணவாயுவும் நீராகாரமும் கொடுத்து, குழந்தை தானாகவே தேறும் வரைக்கும் தாங்கிப்பிடிக்கிறார்கள். அந்தத் தாங்கலுக்கு நேரத்தோடு போய்ச்சேர வேண்டும்.

மாந்தமென்றும் கணையென்றும் கண்ணேறென்றும் சொல்லி, மந்திரிக்கிறவனிடத்தில் ஒருநாள், முடிகயிறு கட்டுகிறவனிடத்தில் ஒருநாள் என்று அலைகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அது முதல் கற்பனைக்கு விரோதமென்று பலமுறை சொல்லியாயிற்று. இங்கே அது ஐந்தாம் கற்பனைக்கும் விரோதமாகிறது, ஏனென்றால் அந்த இரண்டு நாள்தான் குழந்தையின் உயிர். என்னிடத்தில் மந்திரித்த தீர்த்தம் வாங்க வருகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வாருங்கள். அதற்குப் பதிலாக வராதேயுங்கள்.

தடுப்பு ஊசியைப்பற்றியும் கேட்கிறார்கள். இதற்கு நெடுங்காலம் ஊசி இல்லை. 1960-களில் அமெரிக்காவில் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அது நேர்விரோதமாய் முடிந்தது. ஊசி போட்ட குழந்தைகளுக்குக் கிருமி வந்தபோது நோய் முன்னிலும் கடுமையாகி, இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்தத் துக்கத்துக்குப் பிறகு அவசரப்பட ஒருவருக்கும் மனம் வரவில்லை. 2013-ம் ஆண்டில் ஜேசன் மக்லெல்லன், பார்னி கிரகாம் முதலான விஞ்ஞானிகள், அந்தக் கிருமி நம் உயிரணுவோடு ஒட்டுவதற்கு முன் அதன் மேலுள்ள புரதம் எந்த உருவில் இருக்கிறதென்று கண்டறிந்தார்கள். அதிலிருந்து வழி பிறந்தது. 2023-ம் ஆண்டில் வயோதிபருக்கான ஊசிகளும், கர்ப்பவதிகளுக்கான ஊசியும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றன. தாய்க்குப் போட்டால், அவளுடைய உடலில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தி கருப்பையிலுள்ள பிள்ளைக்குப் போய்ச்சேர்ந்து, பிறந்த பிறகு முதல் மாதங்களில் அதைக் காக்கிறது. பிறந்த சிசுவுக்கே நேராகப் போடுகிற நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பு மருந்தும் உண்டு. இவ்விரண்டில் ஒன்றினால் சிசுக்களைக் காக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2025-ம் ஆண்டில் எல்லாத் தேசங்களுக்கும் சிபாரிசு செய்திருக்கிறது. கர்ப்பவதிகளும், இருதய நோய், ஆஸ்துமா உள்ள முதியவர்களும் தங்கள் வைத்தியரிடத்தில் இதைக் கேட்டு, அவர் சொல்லுகிறபடி செய்யுங்கள். ஆம், முதியவர்களையும் சொல்லுகிறேன். இந்தக் கிருமி தொட்டிலில் இருப்பவர்களை மாத்திரமல்ல, கட்டிலில் இருப்பவர்களையும் வீழ்த்துகிறது.

ஞானஸ்நானத்துக்கு வருவோம். குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்பதே திருச்சபையின் சட்டம், அதில் மாற்றமில்லை. சாவின் மோசம் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது; குரு கிடைக்காவிட்டால் யாராவது தண்ணீர் வார்த்துக் கொடுக்கலாம், வார்த்தைகளை உபதேசியாரிடத்தில் படித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுகமாயிருக்கிற குழந்தைக்கு, ஞானத்தாய்க்குச் சளி என்பதற்காகப் பத்து நாள் தள்ளிவைத்தால் ஒரு பாவமுமில்லை. தள்ள வேண்டியது விருந்தையும் கூட்டத்தையுமே. விருந்தைப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபிறகு வைத்துக்கொண்டால் பிள்ளையும் உட்கார்ந்து பார்க்கும்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு மூன்று குடும்பத்தார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி நேரம், கோவில்பிள்ளை அறிவிப்பார். பெற்றோர், ஞானப்பெற்றோர், தாத்தா பாட்டிமார் மாத்திரம் தொட்டியண்டை நின்றால் போதும். தெற்கு வாசலில் தண்ணீர்க் குழாயும் சோப்பும் வைக்கப்பட்டிருக்கும். பிள்ளையைத் தொடுகிறவர்கள், நான் உட்பட, அங்கே கை கழுவிக்கொண்டு உள்ளே வருவோம். கைக்குழந்தையுள்ள தாய்மாருக்காக அந்த வாசலுக்கு அடுத்த இரண்டு வரிசைகளை ஒதுக்கியிருக்கிறோம். மற்றவர்கள் அங்கே உட்கார வேண்டாம். சளியினால் பூசைக்கு வரமுடியாத முதியவர்களின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் உபதேசியாரிடத்தில் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் நன்மை கொண்டுவருகிறேன். முகமூடியோடு வருவேன், அடையாளம் தெரியவில்லையென்று நாயை அவிழ்த்துவிடாதேயுங்கள்.

சேசுநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குச் சுவாமியார்